முழுப்பேர்

மஸ்கெலியாவுக்கு மேலே மூன்றாம் டிவிஷன்,
தோட்ட ஆபீஸின் பின்னறை. இரவு ஏழரை.
தகரத்தில் மழை எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறது,
முடிக்கிற உத்தேசம் இல்லை.

மேசையில் இரண்டு வட்டு.
ஹட்டனில் நஸ்லிம் கடையில் வாங்கிய புதியது,
இன்னும் உறை பிரிக்கவில்லை.
பழையதன் முதுகில் நீலப் பேனையில்
"பழுது. வெறுமை."
பெரிய கிளாக்கர் தவநாதனின் கையெழுத்து.
"ரெண்டையும் கழுவி வச்சிரு, ஜெசிந்தா.
விடிஞ்சா தராசு எழுதணும்."

தராசுதான் இப்போது எழுதுகிறது.
மடுவத்தில் கொழுந்துச் சாக்கு ஏறியதும்
எடை காற்றில் வந்து இங்கே உட்காரும்.
கணக்கப்பிள்ளையின் பென்சிலுக்கு ஓய்வு.
ஆனாலும் சம்பளச் சீட்டில்
பதினேழு, பதினேழரை என்றே விழுகிறது.
பதினெட்டு நிறைந்தால்தான் பேர்,
இல்லையென்றால் அரைப்பேர்.
இந்த மலையில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
"இன்னைக்குப் பேர் விழுந்துச்சா?" என்று கேட்கிறவர்
ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடு சிமிட்டுகிறது.
ஒரே வரிக் கட்டளை: கோப்புமுறை அமை,
இன்ன வகை, இன்ன வட்டு.
எஸ்.டி.பி பழையது, எஸ்.டி.சி புதியது.
விசைப்பலகையில் பி-க்கும் சி-க்கும் நடுவே
ஒரு விசைதான். அவ்வளவே தூரம்.

பழையதிலிருந்து தொடங்கினேன்.
என்டர்.

செய்யவில்லை. கேட்டது.
இந்த வட்டில் ஏற்கெனவே ஒரு கோப்புமுறை இருக்கிறது.
அதன் பேர் நிறை.
கடைசியாகத் திறந்தது ஜனவரி இருபத்தொன்பது,
பின்னேரம் நாலு பன்னிரண்டு.
தொடரவா?
பக்கத்தில் இரண்டு எழுத்து,
சின்னதாய் ஒரு ஒய், பெரிதாய் ஒரு என்.

சின்ன ஆம். பெரிய இல்லை.
யோசிக்காமல் என்டரைத் தட்டுகிறவளுக்கு
இல்லை என்றே எடுத்துக்கொள்ளும்.
யார் எழுதியதோ, எந்த ஊரோ,
கை நழுவுகிறவர்களைத் தெரிந்த ஆள்.
பதினொரு வருஷத்தில் இந்த ஆபீஸில்
"நிச்சயமாகவா?" என்று என்னை ஒருவரும் கேட்டதில்லை.

பெரிய எழுத்தைத் தட்டினேன்.
தமிழாக வாசித்தால் அது என்னுடையது.

வாசிக்க மட்டும் என்று சொல்லித் திறந்தேன்,
எழுதும் உரிமையை
என்னிடமிருந்தே பிடுங்கி வைத்துவிட்டு.
பழுதில்லை. வெறுமையும் இல்லை.
தராசு சொன்னது சொன்னபடி இருந்தது:
மங்களேஸ்வரி, இருபத்தொரு கிலோ நானூறு.
பேபிசரோஜா, பத்தொன்பது எண்ணூறு.
அந்தோனியம்மா, இருபத்து மூன்று,
அதுவும் பின்னேர நிறுவைக்கு முன்னாலேயே.

சீட்டில் மூவருக்கும் அரைப்பேர்.
தண்ணீர்க் கழிவு, சாக்குக் கழிவு,
அதற்கும் மேல், பேர் வைக்காத ஒரு கழிவு.

அட்டை கடித்த கணுக்காலைச் சொறிந்தேன்.
கொஞ்ச நேரம் வேறொன்றும் செய்யவில்லை.

பிறகு புதியதை எடுத்தேன். எஸ்.டி.சி.
அந்தக் கடைசி எழுத்தை மூன்று தரம் பார்த்தேன்.
இது ஒன்றும் கேட்கவில்லை.
நாலு செக்கன். முப்பத்தாறு எழுத்தில்
அதற்கு ஒரு விலாசம்,
உலகத்தில் வேறெந்த வட்டுக்கும் இல்லாதது.
எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா.
யாருக்குக் கடிதம் வந்தாலும் தோட்ட ஆபீஸ் விலாசம்,
இந்த மேசை, இந்த இழுப்பறை.
சில கடிதம் இங்கேயே மஞ்சளாகிவிடும்.

பழையதைப் புதியதில் இறக்கினேன்.
இரண்டு இடத்தில் இருந்தால்தான்
ஒரு பொருள் இருக்கிறது என்று அர்த்தம்.
பாதியில் கரண்ட் போனது.
கையில் அகப்பட்ட குருவி மாதிரி யூபிஎஸ் கத்தியது,
ஆனால் தாக்குப் பிடித்தது.

வட்டுக்குப் பேர் போடணும். பதினாறு இடம்.
தமிழ் எழுத்துக்கு அது காணாது.
ஆங்கில எழுத்தில் அடித்தேன், முழுப்பேர் என்று.
ஏற்றுக்கொண்டது. கழிவில்லாமல்.

டோர்ச்சோடு இறங்குகிறேன்.
படிக்கட்டு வழுக்குகிறது.
பழைய வட்டு பைக்குள், சோத்துப் பெட்டிக்கு அடியில்,
இன்னும் சூடு ஆறவில்லை.

ரெண்டும் கழுவியாச்சா என்று
ஆறு மணிக்குக் கேட்பார்.
கேட்கட்டும்.